காது மந்தம், சரி. கண்?

போன இதழில் 'ஹாம்சன்' படத்தைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தேன்: "பாருங்கள். பார்த்துவிட்டு அந்தக் கிழவருக்காக அழாதீர்கள்." வந்த கடிதங்களில் பாதி, ஏன் அழக்கூடாது என்று சண்டைக்கு வருகின்றன. மீதிப் பாதி, யார் சார் அந்தக் கிழவர் என்று கேட்கின்றன. ஒரே கேள்வியைப் பலரும் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். மற்ற கேள்விகளை அடுத்த இதழில் பார்த்துக்கொள்வோம்.

கேள்வி: நட் ஹாம்சன் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். படம் எடுக்கிற அளவுக்கு அப்படி என்ன செய்துவிட்டார்?

பதில்: இரண்டு காரியங்கள் செய்தார். உலக நாவலின் போக்கையே மாற்றினார். அப்புறம், தன் நாட்டைப் பிடித்துக்கொண்ட எதிரிக்கு வக்காலத்து வாங்கினார்.

நார்வேக்காரர். 1859-இல் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். சின்ன வயதிலேயே நாட்டின் வடபகுதியில் உள்ள ஹாமரோய்க்குக் குடும்பம் குடிபெயர்ந்தது. அங்கே மாமா வீட்டில் வேலையும் அடியுமாக வளர்ந்தார். ஒழுங்கான பள்ளிப்படிப்பு கிடையாது. செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார், ஊர் ஊராகச் சாமான் விற்றார், சாலை போட்டார், இரண்டு தடவை அமெரிக்கா போய் சிகாகோவில் டிராம் கண்டக்டர் வேலைகூடப் பார்த்தார். 1890-இல் 'பசி' வந்தது. கதை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கிறிஸ்டியானியா என்று அப்போது பெயர் வைத்திருந்த ஆஸ்லோ தெருக்களில் ஓர் இளம் எழுத்தாளன் பட்டினியோடு அலைகிறான், அவ்வளவுதான். கோட்டுக்குள் போடும் வெயிஸ்ட்கோட்டை அடகு வைக்கிறான். பென்சில் துண்டு அதன் பையிலேயே தங்கிவிட்டது என்று நினைவு வந்ததும், அதைக் கேட்டு அடகுக்கடைக்குத் திரும்ப ஓடுகிறான். கசாப்புக் கடையில் நாய்க்கு என்று பொய் சொல்லி எலும்பு வாங்கி, மறைவில் நின்று தானே கடிக்கிறான். மனம் ஒரு நொடிக்கும் அடுத்த நொடிக்கும் நடுவில் எப்படிப் புரண்டு படுக்கிறது என்பதை அதற்கு முன் யாரும் இப்படி எழுதவில்லை.

'பான்', 'விக்டோரியா', 1917-இல் 'நிலவளம்', 1920-இல் நோபல் பரிசு. 1929-இல் எழுபது வயது நிறைந்தபோது தாமஸ் மன், ஆந்த்ரே ழீத், கார்க்கி என்று ஐரோப்பாவே எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னது.

1940 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜெர்மன் படை நார்வேக்குள் இறங்கியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 4-ஆம் தேதி, ஜெர்மானியரோடு சேர்ந்துகொண்ட நார்வே நாஜித் தலைவர் குவிஸ்லிங்கின் கட்சிப் பத்திரிகையில் ஹாம்சன் எழுதுகிறார்: நார்வேக்காரர்களே, துப்பாக்கியை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், ஜெர்மானியர் நமக்காகத்தான் போராடுகிறார்கள். மலையிலும் பனியிலும் பையன்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாள் அது. அதற்கு அப்புறம் ஐந்து வருடம் இதே பாட்டுத்தான்.

கேள்வி: படத்தில் கணவர் ஒரு மொழி பேசுகிறார், மனைவி இன்னொரு மொழி, பிள்ளைகள் வேறொரு மொழி. சப்டைட்டிலில் பார்த்த எனக்கே காது கூசியது. இது என்ன கூத்து?

பதில்: உங்கள் காது கூர்மையான காது. கணவராக வரும் மாக்ஸ் வான் சிடோ பேசுவது ஸ்வீடிஷ். மனைவி மாரியாக வரும் கீதா நோர்பி பேசுவது டேனிஷ். சுற்றியிருப்பவர்கள் நார்வேஜியன், வந்து போகும் அதிகாரிகள் ஜெர்மன். முதல் மூன்றும் ஒன்றுக்கொன்று ஓரளவு புரிகிற மொழிகள் என்பதால் ஸ்காண்டிநேவியாவில் இது நடக்காத காரியமில்லை. ஆனாலும் நார்வே எழுத்தாளர்களிலேயே மொழிக்காகக் கொண்டாடப்பட்ட ஒருவர் படம் முழுக்க நார்வே மொழி பேசவில்லை என்பது கொஞ்சம் ஓவர்தான்.

எனக்கு முதல் அரை மணி நேரம் உறுத்தியது, பிறகு பிடித்துப்போனது. ஒரே மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேர் இரண்டு மொழியில் சண்டை போடுகிறார்கள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் சண்டை போடுகிறார்கள்.

இயக்கியவர் ஸ்வீடன்காரரான யான் ட்ரோயெல். எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த விவசாயிகளைப் பற்றி இதே வான் சிடோவை வைத்து இரண்டு பெரிய படங்கள் எடுத்தவர். 'ஹாம்சன்' 1996-இல் வந்தது. திரைக்கதை பெர் ஓலோவ் என்க்விஸ்ட், அவரும் ஸ்வீடன். மூலநூல் தோர்கில் ஹான்சென் என்ற டென்மார்க்காரர் 1978-இல் எழுதியது. அந்தப் புத்தகம் வந்தபோது, குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறாய் என்று நார்வேயில் பெரிய ரகளை. ஆக, நார்வேயின் காயத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து தொட்டிருக்கிறார்கள். நார்வேக்காரர் எடுத்திருந்தால் இவ்வளவு நிதானம் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ஹிட்லரையே நேருக்கு நேர் எதிர்த்துப் பேசியவரைப் போய் நாஜி ஆதரவாளர் என்கிறீர்களே? அந்தக் காட்சியைப் பார்க்கவில்லையா?

பதில்: பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். படத்தின் உச்சம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் எதை எதிர்த்தார் என்று கவனித்தீர்களா?

1943 ஜூன் 26. ஹாம்சனுக்கு 83 வயது. வியன்னாவில் பத்திரிகையாளர் மாநாட்டை முடித்துக்கொண்டு, ஹிட்லரின் மலை மாளிகையான பெர்க்ஹோஃபுக்கு வருகிறார். ஹிட்லருக்கு எழுத்து, கலை, மேதைமை என்று சாவகாசமாக அளவளாவ ஆசை. கிழவர் வந்திருப்பதோ புகார் கொடுக்க. நார்வேயை ஆளும் ஜெர்மன் ஆணையர் டெர்போவனைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆளின் அதிகாரத் தோரணை எங்களுக்கு ஒத்துவராது, மரண தண்டனைகள் தாங்க முடியவில்லை, இதுதான் பேச்சு. மொழிபெயர்க்க வந்த ஹோல்ம்போ என்ற நார்வேக்காரருக்கு வியர்க்கிறது. சில வாக்கியங்களை மென்று விழுங்குகிறார். டெர்போவன் போர்க்காலத்து ஆள், போர் முடிந்ததும் எஸ்ஸன் நகரத்துக்குத் திரும்பிவிடுவான் என்கிறார் ஹிட்லர். கிழவருக்கு அது பாதி கேட்கிறது, பாதி கேட்கவில்லை. அவர் பாட்டுக்குத் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறார். ஹிட்லரை இடைமறித்துப் பேசிவிட்டு உயிரோடு திரும்பியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கடைசியில் ஹிட்லர் கோபத்தோடு எழுந்து போகிறார். இந்த மாதிரி ஆட்களை இனிமேல் இங்கே கொண்டுவராதீர்கள் என்று கத்தியதாகப் பதிவு இருக்கிறது.

எனக்கு இடது காது ஏறக்குறைய முழுசாகப் போய்விட்டது, வலதில் கருவி. அதனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: வான் சிடோ அந்தக் காட்சியில் செய்வது நடிப்பு மாதிரியே இல்லை. பேசுகிறவர் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்ப்பது, புரியாததற்கும் தலையை ஆட்டிவிட்டு, பிறகு சந்தேகம் வந்து ஆட்டுவதைப் பாதியில் நிறுத்துவது, தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று தெரியாமல் அறையே அதிரப் பேசுவது. அத்தனையும் நான் தினமும் செய்கிற அசட்டுத்தனங்கள். என் மனைவி அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர் கேட்டதெல்லாம், எங்கள் ஊருக்கு இந்த அதிகாரி வேண்டாம், வேறு நல்ல அதிகாரியை அனுப்புங்கள் என்பதுதான். தலைவர் மீது நம்பிக்கை இருக்கிறது, இடையில் இருப்பவர்கள்தான் கெடுக்கிறார்கள் என்ற பழைய பல்லவி. அதற்கு ஒரு மாதம் முன்னால் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸைப் பார்த்துவிட்டு வந்து, நோபல் பதக்கத்தையே அவருக்கு அன்பளிப்பாக அனுப்பியவரும் இவர்தான். ஹிட்லர் அந்தப் பக்கம் கத்திவிட்டுப் போன பிறகும் இவருடைய எண்ணம் மாறவில்லை. 1945 மே 7-ஆம் தேதி, நார்வே விடுதலையாவதற்கு முந்தின நாள், ஆஃப்டன்போஸ்டன் நாளிதழில் ஹிட்லருக்கு இரங்கல் எழுதினார். மனித குலத்துக்காகப் போராடிய போர்வீரர், எல்லா நாட்டுக்கும் நீதி என்ற நற்செய்தியைச் சொன்னவர், அப்படி. கப்பல் மூழ்கி, எலிகளெல்லாம் ஓடிப்போன பிறகு எழுதியது. ஆதாயத்துக்காக எழுதினார் என்று அவருடைய பரம எதிரிகூடச் சொல்ல முடியாது. அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயமும்.

கேள்வி: வயசான மனுஷன். காது கேட்காது. வெளியுலகம் தெரியாமல் பண்ணையில் அடைந்து கிடந்தவர். வீட்டுக்கு வந்ததெல்லாம் தணிக்கை செய்த பேப்பர். மனைவி வேறு நாஜிக் கட்சியில். அவரை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் படம் பார்த்த எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தோன்றியது. இரக்கப்படுவது தப்பா?

பதில்: தப்பில்லை. இரக்கப்படுங்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நீங்கள் சொல்வதையேதான் அவரும் நீதிமன்றத்தில் சொன்னார். 1947 டிசம்பரில், 88 வயதில், கிரிம்ஸ்டாட் நீதிமன்றத்தில் எழுந்து நின்று தானே பேசினார். அருமையான பேச்சு. காது கேட்காத எனக்கு வந்து சேர்ந்தது செய்தித்தாள் மட்டும்தான், நான் எழுதியது தவறு என்று இந்த நாட்டில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை என்றார். படத்தில் இதைக் கேட்கும்போது நெஞ்சை அடைக்கும்.

அந்த இடத்தில்தான் நான் 1935-ஐ நினைத்துக்கொள்வேன். கார்ல் வான் ஒசியெட்ஸ்கி என்று ஒரு ஜெர்மன் பத்திரிகையாளர். போருக்கு எதிராக எழுதியவர். ஹிட்லர் வந்ததும் வதைமுகாமில் போட்டுவிட்டார்கள். அடியும் வேலையும் நோயும் சேர்ந்து உருக்குலைந்து கிடந்தார். அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தால் உயிராவது தப்பும் என்று பல நாடுகளில் இயக்கம் நடந்தது. அப்போது, நோபல் பரிசு வாங்கிய ஹாம்சன், முகாமில் வாயைத் திறக்க முடியாமல் கிடக்கும் அந்தக் கைதியைக் கிண்டல் செய்து பத்திரிகையில் எழுதினார். முன்னாலேயே ஜெர்மனியை விட்டுப் போயிருக்கலாமே, வேண்டுமென்றே தங்கி மாட்டிக்கொண்டு இப்போது அமைதிவாதி என்று கூப்பாடு போடுகிறாரா என்கிற தொனி.

1935-இல் நார்வே சுதந்திர நாடு. தணிக்கை கிடையாது. சக எழுத்தாளர்கள் பலர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டு, நீங்கள் செய்தது தவறு என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். அச்சில் வந்தது. படிப்பதற்குக் காது எதற்கு? அந்த நாட்களில் கடைசி நாவலையும் எழுதிக்கொண்டிருந்தார், அடுத்த வருடம் அது வெளியானது. அறிவு மங்கிவிட்டது என்றும் சொல்ல வழியில்லை.

ஆகவே 1947-இல் "ஒருவர்கூடச் சொல்லவில்லை" என்றது உண்மையில்லை. சொன்னார்கள். அவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காது மந்தமான எங்களுக்கெல்லாம் ஒரு சௌகரியம் உண்டு, வெளியே சொல்லமாட்டோம்: வேண்டாததைக் கேட்காமல் விட்டுவிடலாம், யாரும் குற்றம் சொல்ல முடியாது.

ஒசியெட்ஸ்கிக்கு 1936-இல் பரிசு கொடுத்தார்கள், 1935-க்கு உரியது. ஹிட்லருக்கு வந்த ஆத்திரத்தில், இனி எந்த ஜெர்மானியரும் நோபல் வாங்கக்கூடாது என்று உத்தரவே போட்டுவிட்டார். ஒசியெட்ஸ்கி 1938-இல் காசநோயில் இறந்தார். நோபலைத் தடைசெய்த அந்த அரசின் பிரச்சார அமைச்சருக்குத்தான் ஹாம்சன் தன் நோபல் பதக்கத்தைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு கதாசிரியர் இப்படி எழுதிக்கொண்டு வந்தால், செயற்கையாக இருக்கிறது என்று நானே திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேள்வி: இங்கிலாந்து மேல் அவருக்கு ஏன் அவ்வளவு வெறுப்பு?

பதில்: இளமையிலிருந்தே உண்டு. ஆங்கிலேயர் திமிர் பிடித்தவர்கள், உலகத்தை விழுங்கியவர்கள் என்பார். காலனி ஆட்சியில் அவதிப்பட்ட நம்மவர்களுக்கு அதைப் படிக்கும்போது, அட நம்ம ஆளு என்று ஒரு நொடி தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள். அமெரிக்காவைப் பற்றி 1889-இல் அவர் எழுதிய புத்தகத்தில் கறுப்பின மக்களைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் அந்த ஆசை போய்விடும். ஜெர்மனியோ அவரை முதலில் தலையில் வைத்துக் கொண்டாடிய நாடு. மியூனிக்கில் ஆல்பர்ட் லாங்கென் என்ற பதிப்பாளர் அவருடைய புத்தகங்களை ஜெர்மன் வாசகர்களிடம் கொண்டு சேர்த்தார். கொண்டாடிய நாட்டின்மேல் எழுத்தாளனுக்கு வரும் பாசம் இருக்கிறதே, அது தனி ரகம்.

கேள்வி: அவரைப் பைத்தியம் என்று சொல்லி விட்டுவிட்டார்களாமே. பிறகு அபராதம் மட்டும் எப்படிப் போட்டார்கள்? படத்தில் இது எனக்குப் புரியவில்லை.

பதில்: படம் அந்த இடத்தில் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது. நடந்தது இது. 1945-இல் கைது. முதலில் வீட்டுக் காவல், பிறகு கிரிம்ஸ்டாட் மருத்துவமனை, முதியோர் இல்லம். அக்டோபரில் ஆஸ்லோவில் விண்டெரென் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோய், பேராசிரியர் லாங்ஃபெல்ட் கையில் ஒப்படைத்தார்கள். நாலு மாதம் பரிசோதனை. அறிக்கை என்ன சொன்னது? பைத்தியம் இல்லை; ஆனால் மனத்திறன்கள் நிரந்தரமாகக் குன்றியிருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு கிரிமினல் வழக்குப் போடவில்லை. நாட்டின் தலைசிறந்த எழுத்தாளரைத் துரோகி என்று சிறைக்கு அனுப்புகிற சங்கடம் அரசுக்கு மிச்சம். குவிஸ்லிங்கை ஏற்கெனவே 1945 அக்டோபரில் சுட்டுக் கொன்றிருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆனால் குவிஸ்லிங் கட்சி உறுப்பினர்கள் எல்லோரும் நாட்டுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கட்ட வேண்டும் என்று தனியாகச் சட்டம் இருந்தது. அது சிவில் வழக்கு. அதில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஹாம்சன் உறுப்பினரா இல்லையா? சந்தா கட்டியதற்கும் கையெழுத்துப் போட்டதற்கும் தெளிவான அத்தாட்சி இல்லை. நீதிபதி ஒருவர், அவரோடு உட்கார்ந்த பொதுமக்கள் பிரதிநிதிகள் இரண்டு பேர். நீதிபதி, இல்லை என்றார். மற்ற இருவரும் உறுப்பினர்தான் என்றார்கள். இரண்டுக்கு ஒன்று. 4,25,000 குரோனர் கட்டச் சொல்லித் தீர்ப்பு. மறுவருடம் உச்சநீதிமன்றம் 3,25,000 ஆகக் குறைத்தது. சொத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

அவரை அதிகம் குடைந்தது பணம் இல்லை, டாக்டர் அறிக்கை. மனத்திறன் குன்றியவர் என்கிறாயா, பார் என்று, கண்ணும் மங்கிக்கொண்டிருந்த நிலையில் ஒரு புத்தகம் எழுதினார். அதுதான் 'புல் மூடிய பாதைகளில்'. 1949-இல் தொண்ணூறு வயதில் வெளியானது. முதியோர் இல்லத்துக் கிழவர்கள், நடைப்பயிற்சி, பழைய செருப்பு, அமெரிக்காவில் பழகிய ஒரு நண்பன் என்று ஒன்றுமில்லாததை எடுத்துக்கொண்டு அப்படி எழுதியிருக்கிறார். வாக்கியத்துக்கு வாக்கியம் குறும்பு. டாக்டருக்கு எழுதிய கடிதத்தையும் பெயரோடு உள்ளே வைத்தார். பெயரை எடுத்துவிடலாமே என்று பதிப்பாளர் கேட்டும் மசியவில்லை. அந்தப் பதிப்பாளர் யார் தெரியுமா? ஹரால்ட் க்ரீக். ஜெர்மானியர் பிடித்து முகாமில் அடைத்து வைத்திருந்த மனிதர். கவிஞரான அவருடைய தம்பி நூர்டால் க்ரீக், 1943-இல் நேசநாட்டு விமானத்தில் போய் பெர்லினுக்கு மேலே உயிர்விட்டவர். அந்த வீட்டிலிருந்துதான் ஹாம்சனின் கடைசிப் புத்தகம் வந்தது. படத்தில் இதற்கு இடமில்லை. க்ரீக்கைப் பற்றியே தனியாக ஒரு படம் எடுக்கலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் புத்தகம் எவ்வளவுக்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவருக்கே அது எதிர்ச்சாட்சி. புத்தி சரியாக இருந்தது என்று நிரூபித்துவிட்டார். அப்படியானால் 1940-இல் எழுதியதும் புத்தியோடு எழுதியதுதானே? முழுப் புத்தகத்திலும் 'தவறு செய்துவிட்டேன்' என்ற ஒரு வரி கிடையாது. முகாம்களில் மாண்டவர்களுக்காக ஒரு பத்தி கிடையாது.

கேள்வி: மாரிதான் வில்லி என்று படம் சொல்கிறதா?

பதில்: மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித் தெரியும். கட்சியில் சேர்ந்தது அவர். போர்க்காலத்தில் ஜெர்மனி முழுக்கச் சுற்றிக் கணவரின் எழுத்தை மேடையில் வாசித்தது அவர். அதற்கு மூன்று வருடத் தண்டனையும் வாங்கினார். ஆனால் கீதா நோர்பி முகத்தைப் பாருங்கள். மாரி நாடக நடிகை. கணவரைவிட 22 வயது சின்னவர். 1909-இல் கல்யாணமானதும் மேடையை விட்டுவிட வேண்டியதாயிற்று. பண்ணை, மாடு, நாலு பிள்ளைகள், எழுதும்போது மூச்சுவிடக்கூடாது என்கிற கணவர். நடுவில் குழந்தைகளுக்காக அழகான கதைகள் எழுதிப் பேரும் வாங்கினார். அப்படிப்பட்டவருக்கு முப்பது வருடம் கழித்து மறுபடி மேடை கிடைக்கிறது, அரங்கம் நிறைந்து கைதட்டுகிறது. கைதட்டுகிறவர்கள் யார் என்று அவர் பார்க்கவில்லை. இது சமாதானம் இல்லை, ஆனால் வில்லி என்ற ஒரு சொல்லில் அடக்கவும் முடியாது.

பரிசோதனையின்போது டாக்டர் மாரியை வரவழைத்து, தாம்பத்திய வாழ்க்கையைப் பற்றியெல்லாம் கேட்டார். ரகசியமாக இருக்கும் என்று நம்பி அவர் கொட்டிவிட்டார். அது அறிக்கையில் ஏறிவிட்டது. தெரிந்ததும் ஹாம்சன் மனைவியின் முகத்திலேயே விழிக்க மறுத்தார். நாலு வருடம். நாட்டுக்குச் செய்த துரோகம் என்ற பேச்சையே ஏற்காதவர், வீட்டுக்குள் நடந்ததைத் துரோகம் என்று எடுத்துக்கொண்டார் பாருங்கள். 1950-இல் அவரே கூப்பிட்டனுப்பினார், மாரி வந்தார். 1952 பிப்ரவரியில், 92 வயதில், ஹாம்சன் தன் நோர்ஹோல்ம் பண்ணையிலேயே காலமானார்.

கேள்வி: யாரையாவது காப்பாற்றினாரா?

பதில்: முயன்றார், அதை மறைக்கக்கூடாது. மரண தண்டனை விதிக்கப்பட்ட நார்வேக்காரர்களுக்காகத் தந்தி மேல் தந்தி அடித்தார். கைதான எழுத்தாளர் ரொனால்ட் ஃபாங்கனுக்காக டெர்போவனிடமே நேரில் போய்ப் பேசினார். கணக்கில் வையுங்கள். கணக்கு சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கேள்வி: எஸ்ரா பவுண்டுக்கும் இதே கதைதானே?

பதில்: அமெரிக்கக் கவிஞரான பவுண்ட், போர்க்காலத்தில் இத்தாலி வானொலியில் முசோலினிக்காகப் பேசினார். 1945-இல் அமெரிக்கப் படை பிடித்து பீசாவுக்குப் பக்கத்தில் கூண்டில் வைத்தது. பிறகு மனநலம் சரியில்லை என்று வாஷிங்டன் மருத்துவமனையில் 1958 வரை. இரண்டு நாடுகளும் ஒரே தந்திரத்தைத்தான் கையாண்டன: தூக்கில் போடவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை, டாக்டரைக் கூப்பிடு. பவுண்டை வைத்து ஒரு நல்ல படம் இன்னும் என் கண்ணில் படவில்லை.

கேள்வி: இவ்வளவும் தெரிந்த பிறகு அவருடைய நாவல்களைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. படிக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. போர் முடிந்த சமயம் நார்வேயில் பலர் அவருடைய புத்தகங்களை அவருக்கே திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. 2009-இல் 150-ஆவது ஆண்டைக் கொண்டாடியபோதும் பெரிய சண்டை. அதே ஆண்டில்தான் ஹாமரோயில் ஸ்டீவன் ஹால் வடிவமைத்த ஹாம்சன் மையத்தைத் திறந்தார்கள். தார் பூசிய கறுப்பு மரத்தில் ஒரு கோபுரம், உச்சியில் மொட்டை மாடி முழுக்கக் கம்பு கம்பாக முளைத்து நிற்கிறது. ஆளைப் போலவே முரட்டுக் கட்டிடம்.

தமிழில் 'நிலவள'த்தையும் 'பசி'யையும் க.நா.சு. அந்தக் காலத்திலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் முதலில் படித்தது 'நிலவளம்'. ஐசக் மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாருமில்லாத காட்டுக்குள் நடக்கிறானே, அந்த ஆரம்பத்தில் மயங்கிய வயசு எனக்கும் உண்டு. இப்போது திரும்பிப் படித்தால் மண்ணையும் வியர்வையையும் கும்பிடும் அந்தக் குரலில் நாஜிகளுக்குப் பிடித்தது எது என்று புரிகிறது. 'பசி'யில் அது கிடையாது. அதில் இருப்பவன் எந்தக் கட்சியிலும் சேர முடியாதவன். காலையில் எடுத்த முடிவு சாயங்காலம் வரை அவனிடம் தங்காது. என்னைக் கேட்டால் 'பசி'யில் தொடங்குங்கள். படமாகவும் உண்டு, ஹென்னிங் கார்ல்சன் 1966-இல் எடுத்தது. அதில் நடித்த பேர் ஆஸ்கார்சனுக்கு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள்.

கேள்வி: படம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. ஒரே மூச்சில் உட்கார முடியவில்லை. எங்கே நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம்?

பதில்: பலர் ஹிட்லர் காட்சி முடிந்ததும் நிறுத்துகிறார்கள், நீங்களும் செய்யாதீர்கள். அங்கே நிறுத்தினால் ராத்திரி முழுக்க அவர் வீரராகவே மனதில் நிற்பார். போர் முடிகிற இடம் வரை போய்விட்டு நிறுத்துங்கள். அப்புறம் வரும் மருத்துவமனை, வழக்கு, மாரியோடு பிணக்கு எல்லாம் தனிப் படம் மாதிரி மெதுவாக நகரும், மறுநாள் சாவகாசமாகப் பார்க்கலாம். ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.